கை கொடுக்காத டீச்சர்

எங்கள் தெருவில் அவருக்கு டீச்சர் என்று பெயர். பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்து, படுக்கையில் கிடக்கிறவர்களைக் கை கால் நீட்டவும் மடக்கவும் வைக்கிறவர். தன் வேலைக்கு ஒரு பெயர் சொன்னார். அது எங்கள் வாயில் நுழையவில்லை. "நாள் முழுக்க நீட்டுங்க, மடக்குங்க, திரும்பச் செய்யுங்கன்னு சொல்றவுக டீச்சரா இல்லாம வேற யாரு?" என்றாள் பக்கத்து வீட்டுச் சந்தனத்தாய். அதுவே நிலைத்துவிட்டது.

அவர் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே நான் அவரை ஒருமுறை பார்த்திருக்கிறேன். விருதுநகர் போகிற பஸ்ஸில். நாரணாபுரம் விலக்கில் ஒரு பெரியவர் கம்பை ஊன்றிக்கொண்டு ஏற முடியாமல் ஏறிக்கொண்டிருந்தார். படிக்கு மேலேயே நெடுநெடுவென்று ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். வெளுத்த பருத்திச் சேலை, தோளில் துணிப்பை, இரண்டு கையும் பின்னால் கட்டியிருந்தது. பெரியவர் ஒரு காலை வைப்பார், எடுப்பார், மூச்சு வாங்குவார். அந்தப் பெண் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏம்மா, கொஞ்சம் கை குடுத்தா கொறஞ்சா போயிருவீக?" என்றார் கண்டக்டர்.

"ஏறிக்கிட்டுத்தானே இருக்காரு. பொறுங்க."

"இவரு ஏறி முடிக்கிறதுக்குள்ள விருதுநகரே எந்திரிச்சு இங்கன வந்துரும் போல."

பஸ்ஸே சிரித்தது. பெரியவர் ஏறிவிட்டார். ஏறியதும் அந்தப் பெண்ணை முறைத்தார். "படிச்ச திமிரு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். இப்படி ஒரு பெண் பிறவி உண்டா என்று இறங்கும்வரை அவரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த வருஷம் சீசன் நேரத்தில்தான் என் மகள் முத்துமாரிக்கு அது நடந்தது. பட்டாசு ஆலையில், வெடிக்கு மருந்து அடைக்கிற அறையில் வேலை பார்த்தாள். ஆர்டர் குவிந்து கிடந்த நாள். ஒரு வெளிச்சம்தான் தெரிந்ததாம். கூட இருந்தவர்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. இவள் வாசலுக்கு அருகில் இருந்ததால் பிழைத்தாள். வலது காலின் பின்பக்கம், தொடையிலிருந்து கெண்டைக்கால்வரை வெந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டினார்கள். அந்த வார்டில் கேட்ட சத்தத்தை அவள் இன்றுவரை வாயால் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்தபோது அந்தக் கால் முட்டியோடு மடங்கிப் போயிருந்தது. ஒட்டிய தோல் இறுகிக்கொண்டே வந்தது. பெரிய டாக்டர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். "குதிகால் தரையில பட நின்னா நல்லது. இல்லைன்னா முட்டிக்குப் பின்னால வெட்டி நீட்டி, மறுபடியும் தோல் ஒட்டணும்."

அன்றைக்கு ராத்திரிச் சோறு வேண்டாம் என்றுவிட்டாள். "எம்மா, அந்த வார்டுக்கு நான் திரும்பப் போக மாட்டேன். இப்படியே கெடந்துட்டுப் போறேன். சொல்லிட்டேன்."

சொன்னால் சொன்னதுதான், என் மகள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. வெந்தும் விழுந்தும் கிடக்கிறவர்களை வீட்டில் வைத்தே ஆரம்பத்திலிருந்து அசைய வைத்தால் முடங்கிப் போகாமல் இருப்பார்களா, வலி குறையுமா என்று பார்க்கிறார்களாம். சேருகிறீர்களா என்று கேட்டார்கள். மருமகன் கருப்பசாமி கையெழுத்துப் போட்டார். காரில் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டுபோவதே பெரும்பாடாக இருந்ததால், வீட்டுக்கே ஆள் வருவார்கள் என்றதும் அவருக்கு நிம்மதி. வந்து நின்றவரைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் பார்த்த அதே பெண்.

எங்கள் பக்கம் வெந்தவர்களை அசையவிட மாட்டோம். கை பட்டால் புண் பிரியும், காற்றுப் பட்டால் எரியும் என்று வாழையிலையில் கிடத்திப் பழகியவர்கள். முத்துமாரியின் முட்டிக்கு அடியில் ஒரு தலையணை இருந்தது. அதை வைத்தால்தான் அவளுக்கு உயிர் தங்கும். டீச்சர் உள்ளே வந்ததும் அதைத்தான் பார்த்தார்.

"இந்தத் தலகாணி யார் வச்சது?"

"நாந்தான் டீச்சர்" என்றார் மாப்பிள்ளை, கொஞ்சம் பெருமையாகவே. "இலவம்பஞ்சு. ராஜபாளையத்துல சொல்லிவச்சு வாங்கினேன். இது இல்லாம இவளால ஒரு நிமிசம் கெடக்க முடியாது."

"சுகமா இருக்கும். மடங்கி இருக்கிறதுதான் காலுக்குச் சுகம். அந்தச் சுகத்துலயே தோல் இறுகிப் போகும். அப்புறம் நீளாது. எடுக்கணும்."

மாப்பிள்ளை எடுக்கக் குனிந்தார்.

"நீங்க இல்ல. அவங்க எடுக்கட்டும்."

எனக்கு வெளியாட்கள் முன்னால் நிற்கக் கூச்சம். அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். அங்கே நின்று பார்த்தேன். முத்துமாரி ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அந்தத் தலையணையை ஒரு விரல் அகலம் இழுப்பாள், கத்துவாள், நிறுத்துவாள். எங்கள் சாமி பெயரையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு டீச்சரை வாடி போடி என்று வைய ஆரம்பித்தாள். டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தலையணை கீழே விழுந்ததும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது இனிமே இந்தக் கட்டிலுக்கு வேண்டாம்மா."

நான் வாங்கிக்கொண்டேன். அது நனைந்திருந்தது. வியர்வையா கண்ணீரா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கருவியை எடுத்தார். பெரிய வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் பெட்டியில் வைத்திருக்கும் அரைவட்டத்துக்கு இரண்டு கை முளைத்தது போல இருக்கும். நான் அந்த வகுப்புவரை போகவில்லை. அதை முட்டியில் வைத்து எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று அளந்தார். "வலியே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியாதுன்னா பத்து. இப்ப எத்தனை?" என்று கேட்டார்.

வாசலில் நின்ற சந்தனத்தாய் முந்திக்கொண்டாள். "பன்னெண்டு போடுங்க டீச்சர். சும்மா குடுக்கிற மார்க்குத்தானே."

முத்துமாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான். சிரித்ததும் தோல் இழுத்தது. அழுதாள்.

சந்தனத்தாய்க்கு டீச்சர் மேல் ஒரு கண் இருந்துகொண்டே இருக்கும். ஒருநாள் நேருக்கு நேராகவே கேட்டுவிட்டாள்: "நம்ம புள்ளைக வலியை எழுதிட்டுப் போயி நீங்க பட்டம் வாங்குவீக. அப்படித்தானே?"

வேறு யாராக இருந்தாலும் இல்லம்மா, உங்களுக்காகத்தான் என்று ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார்கள். டீச்சர், "ஆமா. வாங்குவேன்" என்றார்.

கையும் கொடுக்க மாட்டார், ஆறுதலும் கொடுக்க மாட்டார். சந்தனத்தாயின் தம்பி ஆலங்குளத்தில் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தார். அந்த வீட்டுக்கும் இதே டீச்சர்தான். அங்கே போனதும் முதல் வேலையாக, அவருடைய டீ கிளாஸை எடுத்து அவர் கை எட்டுகிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி வைப்பாராம். ஒருநாள் அவர் உடம்பைத் திருப்பி எட்டிப் பிடிக்கப் போய், கிளாஸ் சாய்ந்து டீ எல்லாம் பாயில் கொட்டிற்று. ஆம்பிளை தேம்பித் தேம்பி அழுதாராம். டீச்சர் அவர் பொண்டாட்டியிடம் இன்னொரு டீ போடச் சொல்லி, அதையும் அதே இடத்தில் வைத்தாராம்.

"எந்தம்பி பொண்டாட்டி வெளக்கமாத்தை எடுத்துட்டா மதினி" என்றாள் சந்தனத்தாய்.

"இப்ப எப்படி இருக்காரு?"

"என்னத்தைச் சொல்ல. நடக்கிறதெல்லாம் இல்ல. டீயை மட்டும் யாரையும் கேக்காம அவனே எடுத்துக் குடிக்கான்." சொல்லிவிட்டு, அதை நல்லது என்று ஒப்புக்கொள்ள மனசில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் பெரிய சண்டை வந்தது முத்துமாரி விழுந்த அன்றைக்கு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நல்ல காலில் நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். வியர்வையில் கை வழுக்கிற்று. சுவரோடு சரிந்து, வெந்த கால் அடியில் மாட்டிக்கொள்ள, தரையில் விழுந்தாள். நானும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் ஓடினோம்.

"நில்லுங்க" என்றார் டீச்சர்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் நின்றுவிட்டோம். அவர் குனிந்து அவள் காலைப் பார்த்தார், தோல் எங்கேயாவது பிரிந்திருக்கிறதா என்று. பிரியவில்லை. நிமிர்ந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மொதல்ல ஒருக்களிங்க. முழங்கையை ஊனுங்க."

"முடியல."

"முழங்கையை."

"நீ மனுசிதானா?" என்று கத்தினாள் முத்துமாரி.

"மனுசிதான். முழங்கையை ஊனுங்க."

முன்னால் நின்ற மாப்பிள்ளைக்கு டீச்சரின் முகம்தான் தெரிந்தது. கல்லு மாதிரி இருந்ததாம், பிறகு சொன்னார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். எனக்கு அவருடைய கைகள்தான் தெரிந்தன. வலது கை இடது மணிக்கட்டை இறுக்கிக்கொண்டிருந்தது, யாரோ திருடனைப் பிடித்து வைத்திருப்பது போல. நகமெல்லாம் வெளுத்துவிட்டன. அந்தக் கை விடுபடப் பார்க்கிறது, இந்தக் கை விட மாட்டேன் என்கிறது. முத்துமாரி ஒவ்வொரு தடவை கத்தும்போதும் அந்த இரண்டு கையும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. இவள் முழங்கையை ஊன்றி, கட்டில் சட்டத்தைப் பிடித்து, உடம்பை மேலே இழுத்து உட்காரும்போது, டீச்சரின் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து கீழே விழுந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. அவரும்கூடப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "அத்தை, இனி இவுக நம்ம வாசப்படியை மிதிக்கக் கூடாது. ஆராய்ச்சியாவது மண்ணாவது."

டீச்சர் அவரைப் பார்த்துச் சொன்னார். "வேலைக்குச் சேர்ந்த புதுசுல எல்லாரையும் நான்தான் தூக்கிவிடுவேன். ஒருத்தரைத் தினமும் தோளைக் குடுத்து நடக்க வச்சேன். அவரும் சந்தோசமா நடந்தாரு. எனக்குக் காய்ச்சல் வந்து கொஞ்ச நாள் போகல. அந்த நாளெல்லாம் அவரு எந்திரிக்கவே இல்ல. திரும்பப் போனப்ப முதுகெல்லாம் படுக்கைப் புண்ணு. அதுலதான் போனாரு."

முத்துமாரிதான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "வரட்டுங்க. இவுக மூஞ்சில துப்பாம எனக்குச் சாவு வராது."

"சரி. அடுத்த வாரம் வர்றேன்" என்றார் டீச்சர்.

அடுத்த வாரம் ஒரு பலகையோடு வந்தார். தேய்த்து வழுவழுப்பாக்கிய பலகை. கட்டிலில் வைத்து, ஒரு டப்பாவைத் திறந்து வெள்ளைப் பவுடரைத் தூவி, உள்ளங்கையால் ஓரம்வரை பரப்பினார். குதிகாலை அதன்மேல் வைத்து, மேலே தூக்காமல், தேய்த்துக்கொண்டே மெல்ல மெல்ல நீட்ட வேண்டும். பவுடர் இருந்தால் தோல் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். தினமும் பல தடவை செய்தால் முட்டி இளகும்.

முத்துமாரி செய்யவில்லை.

பலகையைப் பார்த்ததுமே முகம் வெளுத்துவிடும். உதட்டுக்கு மேல் வியர்க்கும். குதிகாலை வைப்பாள், வைத்த இடத்திலேயே கால் விறைத்து நிற்கும். "தேய்ச்சு நீட்டுங்க" என்றால், இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துக் காலைத் தூக்கி, கொஞ்சம் தள்ளி வைப்பாள். பார்க்கப்போனால் அப்படித் தூக்குவதுதான் அதிக வலி.

"தூக்காதீங்க. தேய்ங்க."

மறுபடியும் தூக்கித்தான் வைப்பாள்.

"பத்துல எத்தனை?"

"பத்து."

எப்போது கேட்டாலும் பத்துதான். டீச்சர் எழுதிக்கொள்வார். வாரங்கள் போயின. கருவி காட்டிய கணக்கு மாறவே இல்லை. நாங்கள் கெஞ்சினோம், வைதோம். பல்லைக் கடித்துக்கொண்டு ஒருதடவை செய்துவிடு தாயி என்று நான் அவள் தாடையைப் பிடித்தேன். முகத்தை உதறிக்கொண்டாள். வெட்டுவதற்குப் பெயர் எழுத வேண்டிய நாள் வருகிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து மாப்பிள்ளைக்குப் போன் வந்தது. அதை அவர் முத்துமாரியிடம் சொன்னபோது, அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "சொன்னதுதான். நான் வரல" என்றாள்.

ஒரு மத்தியானம், டீச்சர் வழக்கம்போலப் பவுடரைத் தூவிப் பரப்பிக்கொண்டிருந்தார். உள்ளங்கை பலகையில் உரசும் சத்தம் கேட்டது. முத்துமாரியின் கண் அந்த உள்ளங்கையோடு போய் வந்தது. திடீரென்று, "துடைங்க! துடைங்க மொதல்ல அதை!" என்று அலறினாள். அதுவரை அவள் வலியில் கத்தியது வேறு, இது வேறு.

"முத்துமாரி, இது முகத்துக்குப் போடுற பவுடர்."

"எனக்குத் தெரியும் டீச்சர். என் காலுக்குத் தெரியலையே! மருந்தைக் கொட்டிட்டுத் தேய்ங்கிறீக. எம்புட்டு நாளா தேய்ங்கிறீக!"

டீச்சரின் கை பலகைமேல் அப்படியே நின்றது.

"பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போன அன்னைக்கு போர்மேன் சொன்ன மொதப் பேச்சு என்ன தெரியுமா? உரசாத, தேய்க்காத, இழுக்காத. எதுனாலும் தூக்கி வையி. செருப்புக் கூடப் போட மாட்டோம். குனிஞ்சு நிமிந்தா சேலை உரசுமேன்னு பயந்து நிப்போம். அன்னைக்கு…" தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. "அன்னைக்கு வெளிச்சத்துக்கு முன்னால ஒரு சத்தம் கேட்டுச்சு. சர்ருன்னு. யாரோ மருந்துத் தட்டை இழுத்தாக. அம்புட்டுத்தான்."

அவள் இதை எங்களிடம் சொன்னதே இல்லை.

டீச்சர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பிறகு கேட்டார்: "உள்ள ஒரு சாமானை நகத்தியே ஆகணும், தூக்க முடியாத கனம்னு வைங்க. என்ன செய்வீங்க?"

"மருந்தையெல்லாம் வெளிய எடுத்துட்டு, தரையில தண்ணி விட்டுக் கழுவிட்டு, ஈரத்தோட நகத்துவோம்."

டீச்சர் எழுந்து பலகையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினார். நான் அடுக்களையில் தண்ணீர்ப் பானைக்கு அடியில் கிடந்த சாக்கை எடுத்து வந்து கட்டிலில் வைத்தேன். யாரும் கேட்கவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட இருந்தது. டீச்சர் பலகையைக் கொண்டுவந்து அதன்மேல் சாக்கை விரித்தார். தண்ணீர் கட்டிலெல்லாம் வழிந்தது.

முத்துமாரி குதிகாலை வைத்தாள். சாக்கைக் கையால் தொட்டுப் பார்த்தாள். மூலைக்கு மூலை தொட்டுப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு காலைத் தள்ளினாள். சத்தம் வரவில்லை. கால் போயிற்று. ஒரு சாண் தூரம் போயிற்று.

"பத்துல எத்தனை?"

"ஏழு" என்றாள். கன்னமெல்லாம் ஈரம். "இதுதான் வலி டீச்சர். இம்புட்டு நாளாச் சொன்னது பயம்."

டீச்சர் எழுதவில்லை. "நான் வலின்னுதான் எழுதி அனுப்பிட்டேன்" என்றார். "நாரணாபுரத்துல வெடியில வெந்தவங்க இன்னும் சில பேர் வீட்டுல இதே பலகையைக் குடுத்து, இதே பவுடரைத் தூவிட்டு வந்திருக்கேன். அவங்களும் காலைத் தேய்க்கல. எல்லாருக்கும் பத்துன்னு எழுதினேன்." பையை எடுத்தார். வெயில் உச்சியில் இருந்தது. சாப்பிட்டுப் போங்க என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். நடையா ஓட்டமா என்று தெரியாதபடி போனார்.

ஈரச் சாக்கில் முத்துமாரியின் கால் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. படுத்தால் ஏறக்குறைய நேராகவே கிடந்தது. நிற்கும்போதுதான் சிக்கல். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வலது காலில் நுனி மட்டும் தரையில் படும். குதிகால் மேலேயே நிற்கும். கனத்தை அதில் இறக்கினால் பின்பக்கம் முழுக்க நெருப்பை வைத்துத் தேய்த்தது போல இருக்குமாம். ஆறிய தோலுக்கு உள்ளே எறும்பு ஊருகிறது, யாரோ நூல் கட்டி இழுக்கிறார்கள் என்பாள். பெரிய டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். டீச்சர் இந்த வாரம் போய்ப் பார்க்கட்டும். குதிகால் இறங்கவில்லையென்றால் பெயர் எழுதிவிடலாம்.

அன்றைக்கு டீச்சர் வந்தபோது மாப்பிள்ளை லோடு ஏற்றப் போயிருந்தார். நானும் அவளும்தான். டீச்சர் முட்டியை அளந்தார். நிற்கச் சொன்னார். முத்துமாரி கம்பியைப் பிடித்து நின்றாள். குதிகால் இறங்கவில்லை.

"கனத்தை இறக்குங்க."

"டீச்சர், ஒண்ணு கேக்கேன். உண்மையைச் சொல்லுங்க."

"கேளுங்க."

"இதை இறக்கி நின்னுட்டேன்னு வைங்க. வலி போயிருமா?"

நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆமா என்று சொல்லிவிடம்மா, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

"போகாது" என்றார் டீச்சர். "குறையும். சில நாள் குறையாமலும் இருக்கும். நின்னாலும் இருக்கும், கெடந்தாலும் இருக்கும். முழுசாப் போகும்னு என்னால சொல்ல முடியாது."

முத்துமாரியின் முகம் எப்படி மாறியது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

"அப்ப எதுக்கு இம்புட்டும்? தலகாணியைப் புடுங்குனீக. விழுந்தவளைத் தூக்கல. இம்புட்டு மாசம் என்னைக் கதற வச்சீக. எல்லாம் வலி போறதுக்குன்னு நெனச்சேன்."

"நான் அப்படிச் சொல்லல."

"சொன்னா என்ன? ஒரு பொய் சொன்னா என்ன டீச்சர்? எனக்காக ஒரே ஒரு பொய்!"

"சொன்னா, நாளைக்கு நின்னுக்கிட்டு இருக்கும்போது வலிக்கும். அப்ப நாம என்னமோ தப்பாச் செஞ்சுட்டோம்னு நெனச்சுத் திரும்பவும் படுத்துருவீங்க."

"வெளிய போங்க."

"முத்துமாரி…"

"என் வீட்டை விட்டு வெளிய போங்க. நீங்களும் வேண்டாம், உங்க கருவியும் வேண்டாம். போயி அந்தப் பேரை எழுதிக்கோங்க. நான் வரப்போறதில்ல!"

டீச்சர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது.

முத்துமாரி கம்பியை விட்டாள். ஒரு எட்டு வைத்தாள். மறு எட்டு வைத்தாள். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போயிற்று. கதவை அறைந்து சாத்தினாள். எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் மேலே இருக்கிறது. இரண்டு கையையும் உயர்த்தி அதைத் தள்ளினாள். அது துருப்பிடித்த தாழ்ப்பாள், லேசில் போகாது. காலை அகட்டி ஊன்றி முழுப் பலத்தோடு தள்ளினாள். டக்கென்று விழுந்தது.

வெளியே செருப்புச் சத்தம் நின்றுவிட்டது.

"முத்துமாரி" என்று கதவுக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது.

இவள் நெற்றியைக் கதவில் முட்டுக் கொடுத்து மூச்சு வாங்கினாள்.

"குதிகால் எங்க இருக்கு?"

இவள் குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன்.

தெருவில் ஒரு லோடு ஆட்டோ போனது. அது போய்ச் சத்தம் அடங்கும்வரை டீச்சர் பொறுத்திருந்தார். மறுபடி கேட்கவில்லை. அங்கேயே நின்றார் என்பது கதவிடுக்கில் தெரிந்த நிழலில் தெரிந்தது.

"தரையில" என்றாள் முத்துமாரி. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கோபம் தீரவில்லை.

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"வலி?"

"ஒம்போது."

"சரி" என்றது குரல். "பேரு எழுதல."

செருப்புச் சத்தம் படியிறங்கித் தெருவில் போனது. கதவைத் திறந்து கூப்பிடலாமா என்று நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் திறக்க விடவில்லை. கதவுப் பலகை இடுக்கில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்தக் கால் கிடுகிடுவென்று ஆடியது. நான் பக்கத்தில் போனேன்.

"உக்காரு தாயி. கால் நடுங்குது பாரு."

"இரும்மா" என்றாள், கண்ணை இடுக்கிலிருந்து எடுக்காமல். "அவுக தெரு முக்குத் திரும்பட்டும்."